நீல மையில் சிவப்பு மினுக்கம்: வீடியோவில் வந்தது என் நோட்டில் ஏன் வரவில்லை?

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். ஆயிரம் ரூபாய்க்கு மேல் கொடுத்து வெளிநாட்டு நீல மை ஒன்று வாங்கியிருக்கிறீர்கள். விற்றவர் போட்ட வீடியோவில் எழுத்து காய்ந்த பிறகு செம்புத் தகடு போலச் சிவந்து மின்னுகிறது. உங்கள் நோட்டில் அதே மை வெறும் நீலமாகக் கிடக்கிறது. இது போலி மையா, மின்ன வைக்கும் பொருள் புட்டியின் அடியில் தங்கிவிட்டதா, குலுக்கினால் வருமா என்று கேட்கிறீர்கள். கூடவே, அப்பா வைத்திருந்த பழைய பேனாவில் இதை ஊற்றலாமா என்றும். நான் புரிந்துகொண்ட வரையில் இவற்றுக்கெல்லாம் அடியில் இருப்பது ஒரே கேள்விதான்: அந்தச் சிவப்பு எங்கே இருக்கிறது? மைக்குள்ளா, தாளிலா, வெளிச்சத்திலா? அதைச் சொல்லிவிட்டால் மற்றவற்றுக்குப் பதில் தானாக வந்துவிடும். பயப்பட வேண்டாம், மை பெரும்பாலும் அசல்தான். உங்கள் நோட்டு அதைக் குடித்துவிட்டது, அவ்வளவுதான்.

நான் மை தயாரிப்பவன் இல்லை. ஈரோட்டுப் பக்கம் சாயப் பட்டறை லேபில் இருபத்திரண்டு வருடம் ஷேடு பொருத்திய ஆள். இங்க் பேனாப் பைத்தியம் பள்ளிக்கூட நாளிலிருந்தே உண்டு. ஆகவே சாயம் எப்படி நடந்துகொள்ளும் என்பதைத் துணிந்து சொல்வேன். எந்தக் கம்பெனி எந்தப் புட்டியில் எந்தச் சாயத்தை எவ்வளவு போடுகிறது என்பது அவர்கள் வீட்டு ரகசியம். அந்த இடத்தில் நான் சொல்வது எழுதிப் பார்த்த அனுபவத்தை வைத்துச் செய்யும் ஊகம் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒரு சோதனை. அந்த மையில் ஒரு சொட்டை எடுத்துக் கண்ணாடித் துண்டின் மேலோ பீங்கான் தட்டின் மேலோ விட்டு இரவு முழுக்கக் காய விடுங்கள். காலையில் ஜன்னலோரம் எடுத்துப் போய்ச் சாய்த்துப் பாருங்கள். வீடியோவில் பார்த்த அதே செம்பு நிறம் அங்கே இருக்கும். கண்ணாடிக்கு மையைக் குடிக்கத் தெரியாது. தண்ணீர் ஆவியாகிப் போக, சாயம் முழுவதும் மேலேயே ஒரு படலமாக உறைந்துவிடுகிறது. அந்தப் படலம்தான் மின்னுகிறது. பேனாக்காரர்கள் இதை ‘ஷீன்’ என்கிறார்கள். நானும் அப்படியே சொல்கிறேன். இதற்கென்று தனியாக ஒரு பொருளை மையில் சேர்ப்பதில்லை. எழுத்துக்கு நீலம் கொடுக்கும் அதே சாயம், தாளுக்குள் இறங்காமல் மேலே தடிமனாகத் தங்கினால் சிவப்பாக மின்னும். கடையில் கிடைக்கும் சாதாரண ராயல் புளூ மைகள் பலவும் கண்ணாடியில் சொட்டாகக் காய்ந்தால் லேசாகச் செம்படிக்கும். ஷீன் மை என்று தனியாக விற்கப்படுவதில் சாயம் மிகச் செறிவாக இருக்கிறது, அதுதான் வித்தியாசம்.

இது நமக்குப் புதிய காட்சியே இல்லை. வாய்ப்புண்ணுக்கும் சிராய்ப்புக்கும் ஜி.வி. பெயிண்ட் என்று ஊதா மருந்து தடவுவார்களே, ஜென்ஷன் வயலட், அது தோலில் திட்டாகக் காய்ந்த இடத்தில் பச்சைத் தங்கம் போல ஒரு பளபளப்பு இருக்கும், கவனித்திருக்கிறீர்களா? அதே சாயத்தின் தூளைப் பார்த்தால் ஊதாவாகவே இருக்காது. பச்சை மினுக்கத்தோடு வண்டின் முதுகு போல இருக்கும். தண்ணீர் பட்டால்தான் ஊதா. அவுரியிலிருந்து எடுக்கும் நீலக்கட்டியும் அப்படியே. அதை நகத்தால் அழுத்தித் தேய்த்தால் தேய்த்த இடம் செம்பு நிறத்தில் மின்னும். நல்ல நீலமா என்று பார்க்க அந்தக் காலத்து வியாபாரிகள் இப்படித்தான் தேய்த்துப் பார்த்தார்கள். கேசரிப் பவுடர் வகையறாவில் நீலத்துக்குப் போடும் பிரில்லியன்ட் புளூ சாயத்தின் சுத்தமான தூளும் உலர்ந்த நிலையில் செவ்வூதா மினுக்கத்தோடுதான் இருக்கும்.

ஏன் நீலம் சிவப்பாகவும், ஊதா பச்சையாகவும் மின்ன வேண்டும்? நீலச் சாயம் நீலமாகத் தெரிவது, வெள்ளை வெளிச்சத்தில் இருக்கும் ஆரஞ்சையும் சிவப்பையும் அது விழுங்கிவிடுவதால். தண்ணீரில் கரைந்து, தாளின் நாருக்குள் பரவிக் கிடக்கும்போது கதை அவ்வளவோடு முடிந்தது. ஆனால் சாயம் கெட்டியான, வழவழப்பான படலமாக உறைந்துவிட்டால் வேறொன்று நடக்கிறது. எந்த நிறத்தை மிக மூர்க்கமாக விழுங்குமோ, கிட்டத்தட்ட அதே நிறத்தை அந்தப் படலத்தின் மேற்பரப்பு உள்ளே விடாமல் திருப்பி அடிக்கத் தொடங்குகிறது. உலோகங்கள் செய்வதும் ஏறக்குறைய இதைத்தான். ஷீன் பார்ப்பதற்குப் பெயிண்ட் போல இல்லாமல் உலோகம் போல இருப்பது அதனால். நீலம் செம்பாகும். ஊதாவும் மஜந்தாவும் பச்சைத் தங்கமாகும். மயில்நீலப் பச்சை மைகள் சிவந்த ரோஜா நிறத்தைக் காட்டும். மஞ்சளிலும் வெளிர் நிறங்களிலும் இது கண்ணுக்குப் பிடிபடுவதே அரிது.

மழை ஈரத்தில் ரோட்டில் பெட்ரோல் சிந்தினால் வானவில் தெரிகிறதே, அதுதான் இது என்று சிலர் எழுதுகிறார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. பெட்ரோல் படலத்தில் தடிமன் மாற மாற நிறமும் பட்டை பட்டையாக மாறும். மைப்படலம் ஓரத்தில் தடித்தும் நடுவில் மெலிந்தும் இருந்தாலும் மினுக்கம் பெரும்பாலும் ஒரே நிறம்தான்; கூடும், குறையும், வேறொன்றாக மாறாது. மிக மெல்லிய ஓரங்களில் இரண்டும் கொஞ்சம் கலந்திருக்கலாம், அதை நான் மறுக்கவில்லை. மயில் கழுத்துப் பட்டோடு ஒப்பிடுவதும் உண்டு. பார்க்க அப்படித்தான் இருக்கும், ஆனால் அங்கே பாவு ஒரு நிறம், ஊடை வேறு நிறம். புடவையைத் திருப்பும்போது எந்த இழை முகம் காட்டுகிறதோ அந்த நிறம். அசல் மயில் கழுத்தில் சாயத்துக்கு வேலையே இல்லை, இறகின் நுண்ணிய அடுக்கமைப்பு செய்யும் வேலை அது. மைப்படலம், பட்டு, மயில் இறகு மூன்றும் சாய்த்துப் பார்த்தால் நிறம் மாறும் என்பதைத் தவிர வேறு உறவில்லாதவை.

இந்த இடத்தில் ஒரு தொழில் வேடிக்கையைச் சொல்லாமல் போக முடியவில்லை. எங்கள் பட்டறையில் இதற்குப் பெயர் ‘பிரான்ஸ் அடிப்பது’, அதாவது வெண்கலம் (bronze) போல மின்னுவது. சல்பர் பிளாக் என்ற கறுப்புச் சாயம் போடும்போது சாயம் அதிகமாகிவிட்டாலோ, சோடியம் சல்பைடு குறைந்து சாயம் சரியாகக் கரையாமல் போனாலோ, அலசுவதற்கு முன்பே காற்றுப் பட்டு மேலே உறைந்துவிட்டாலோ, கறுப்புத் துணி வெயிலில் செம்பட்டை மயிர் போல மினுக்கும். சாயம் இழைக்குள் போகவில்லை, மேலே உட்கார்ந்திருக்கிறது என்று அர்த்தம். சாயம் போடக் கொடுத்த பார்ட்டி துணியைத் திருப்பி அனுப்பிவிடுவார். வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம் என் கணக்குப் பிழையால் ஒரு லாட் முழுக்க இப்படி ஆகி, மறுபடி அலசி எடுப்பதற்குள் இரவு இரண்டு மணி ஆனது. அச்சுத் தொழிலிலும் இதே தலைவலி உண்டு. ரிஃப்ளெக்ஸ் புளூ என்ற நீல மை சீக்கிரம் காயாமல், காய்ந்த பின் செம்படித்து நிற்பதைச் சிவகாசியில் ஆஃப்செட் மிஷின் ஓட்டும் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். நாங்கள் திட்டு வாங்கிய அதே குறைக்கு இங்கே புட்டிக்கு ஆயிரம் கொடுக்கிறார்கள் என்று தெரிந்த அன்று நான் வெகுநேரம் சிரித்தேன். அப்புறம் நானும் வாங்கினேன்.

குலுக்குவது பற்றி: உங்கள் மைக்கு அது தேவையில்லை. குலுக்க வேண்டிய மை வேறு ஜாதி, அதை ‘ஷிம்மர்’ என்பார்கள். அதில் அப்ரகம் போன்ற மினுமினுப்புத் துகள்கள் மிதக்கும், விட்டுவைத்தால் அடியில் படியும். எந்தத் தாளில் எழுதினாலும் அது மின்னும், நேரே பார்த்தாலும் புள்ளி புள்ளியாகத் தெரியும். இரண்டும் ஒரே புட்டியில் இருப்பதும் உண்டு. பிரெஞ்சு ஹெர்பின் கம்பெனி 2015இல் கொண்டுவந்த எமரால்டு ஆஃப் சிவோர் அப்படி ஒன்று. தங்கத் துகள் வேறு, காய்ந்தபின் வரும் சிவப்பு வேறு. உங்கள் புட்டியை வெளிச்சத்தில் கவிழ்த்துப் பாருங்கள். அடியில் வண்டல் எதுவும் நகரவில்லை என்றால் அது வெறும் சாய மை.

இனி தாள். வித்தையில் முக்கால் பங்கு இங்கேதான். தாள் என்பது நார்களின் பின்னல். அப்படியே விட்டால் ஒற்றுத்தாள் போல உறிஞ்சும். அதனால் ஆலையில் மாவுப்பசையும் மெழுகுத்தன்மை உள்ள ரசாயனங்களும் சேர்த்து உறிஞ்சலைக் கட்டுப்படுத்துகிறார்கள். இதற்குத் தொழில் பெயர் ‘சைசிங்’. நெசவில் பாவுக்குக் கஞ்சி போடுவோமே, அதே சொல்தான். கஞ்சி குறைந்த தாளில் மை விழுந்த நொடியே உள்ளே இறங்கிவிடும், மேலே படலம் மிஞ்சாது. சைசிங் நன்றாக ஏறிய தாளில் மை வெகுநேரம் ஈரமாக மேலேயே நிற்கும், தண்ணீர் மெதுவாகப் போகும், சாயம் தங்கும். ஜப்பானில் வந்த தோமோயே ரிவர் தாள் இதற்குப் பெயர் போனது. 52 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு 52 கிராம்) கனம்தான், வெங்காயத் தோல் போல மறுபக்கம் தெரியும், ஆனால் மை உள்ளே இறங்காது. தோமோயேகாவா ஆலை செய்துகொண்டிருந்ததை இப்போது சான்சென் என்ற ஆலை செய்கிறது. பழையதில் ஷீன் அதிகம், புதியதில் குறைவு என்று ரசிகர்கள் சண்டை போடுவார்கள். என்னிடம் இருக்கும் இரண்டிலும் வித்தியாசம் இருக்கிறது, ஆனால் சத்தம் போடும் அளவுக்கு இல்லை. ரோடியா நோட்டில் ஓரளவு வரும். தாளின் கனம் இதைத் தீர்மானிப்பதில்லை என்பதை மட்டும் மனத்தில் வையுங்கள். 100 ஜி.எஸ்.எம். என்று அட்டை போல இருக்கும் நோட்டும் மையைக் குடித்துவிடும்.

வெளிநாட்டு நோட்டுக்கு இன்னொரு ஆயிரம் செலவழிக்கும் முன்பு ஒரு காரியம் செய்யுங்கள். ஸ்டேஷனரிக் கடையில் டிரேசிங் பேப்பர் ஒரு தாள் வாங்கி அதில் எழுதுங்கள். நார்கள் நெருங்கி இறுகிய தாள் அது, மைக்கு நுழைய வழியில்லை. ஷீன் அப்பட்டமாகத் தெரியும். பிறகு வீட்டில் இருக்கும் எல்லாத் தாளிலும் ஒரு வரி எழுதிப் பாருங்கள்: ஜெராக்ஸ் தாள், கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கம், பழைய டைரி, பத்திரத்துக்கு வாங்கிய பாண்ட் தாள். எந்த நோட்டு எப்படி என்று உள்ளூர்ப் பட்டியல் தரமாட்டேன். ஒரே பெயரில் வரும் நோட்டே வருடத்துக்கு வருடம் வேறு தாளில் வருகிறது. நான் ஒரு முறை நன்றாக மின்னிய நோட்டை ஒரு டஜன் வாங்கி அடுக்கினேன். அடுத்த கட்டு வேறு ஆலைத் தாள், எல்லாம் மளிகைக் கணக்கு எழுதப் போயிற்று.

தாளுக்கு அடுத்து எவ்வளவு மை விழுகிறது என்பது. மெல்லிய நிப்பில் வறட்சியாக எழுதும் பேனா எந்த மையையும் வெறும் நீலமாக்கிவிடும். பிராட் அல்லது ஸ்டப் எனும் பட்டை நிப், நிப்புக்கு மை கொண்டுவரும் ஃபீடில் தாராளமான ஓட்டம், கொஞ்சம் நிதானமான கை, இவை இருந்தால் வரியில் மை குட்டை போலத் தேங்கும். காய்ந்த பின் பார்த்தால் கோட்டின் நடுவில் நீலமும் இரு ஓரங்களிலும் செம்புக்கரையும் இருக்கும். வேட்டிக்கரை மாதிரி. காபி சிந்திக் காய்ந்தால் கறை ஓரத்தில் அடர்ந்திருக்கிறதல்லவா, காரணம் அதேதான்: ஓரம் முதலில் காய்கிறது, அதை ஈடுகட்ட நடுவிலிருந்து திரவம் ஓடிவருகிறது, வரும்போது சாயத்தையும் சுமந்து வந்து அங்கேயே விட்டுவிடுகிறது. 1997இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் ராபர்ட் டீகனும் கூட்டாளிகளும் இதை விளக்கி ‘நேச்சர்’ இதழில் எழுதினார்கள். நம் எழுத்தில் ‘ழ’வின் வால், ‘ஞ’வின் சுழி, ‘ஊ’வின் கொம்பு என்று கை நின்று திரும்பும் இடங்கள் நிறைய, மை அங்கேதான் தேங்கும், செம்பு அங்கேதான் முதலில் எட்டிப்பார்க்கும். ஒற்றுத்தாள் வைத்து ஒற்றினால் போச்சு, தேங்கியதை அது எடுத்துக்கொள்ளும். பள்ளியில் மை கொட்டினால் சாக்பீஸை உருட்டுவோமே, அந்தப் பழக்கத்தையும் இங்கே மறந்துவிடுங்கள்.

வெளிச்சம் பற்றி ஒரு வார்த்தை. ஷீன் பார்க்கக் கண்ணாடியில் பிரதிபலிப்பைப் பார்ப்பது போலப் பார்க்க வேண்டும்: விளக்கு எதிரே, தாள் நடுவில், கண் இந்தப் பக்கம். தலைக்கு மேல் டியூப்லைட் எரியும் அறையில் நேராகக் குனிந்து பார்த்தால் நல்ல ஷீனும் ஒளிந்துகொள்ளும். வீடியோ எடுப்பவர்கள் விளக்கைத் தாழ வைத்துத் தாளை மெதுவாகச் சாய்க்கிறார்கள், பெரும்பாலும் பட்டை நிப்பிலோ பிரஷ்ஷிலோ எழுதியிருப்பார்கள். அது பொய்யில்லை. ஆனால் தினசரி எழுத்தில் வருவதும் இல்லை.

இந்த மோகம் எப்போது வந்தது என்றால், 1990களில் விற்ற பார்க்கர் பென்மேன் சஃபயர் என்ற நீல மையை அதன் சிவப்புக்காக இன்றும் பழைய ஆட்கள் தேடுகிறார்கள். அதை நிறுத்தி வெகுகாலமாகிறது. ஜப்பானியப் பேனாக் கம்பெனி பைலட்டின் இரோஷிசுகு வரிசை 2007இல் வந்தது, அதில் யாமாபுதோ என்ற திராட்சை நிறத்தில் பச்சைத் தங்கம் அழகாக அடிக்கும். இன்னொரு ஜப்பானியக் கம்பெனி செய்லரின் யாமாதோரி, ஆஸ்திரேலியாவின் ராபர்ட் ஆஸ்டர் ஃபயர் அண்ட் ஐஸ், 1864 முதல் மை விற்கும் இங்கிலாந்தின் டயமைன் கம்பெனி செய்யும் மெஜஸ்டிக் புளூ, ஸ்கல் அண்ட் ரோசஸ் என்று பட்டியல் நீளும். நம் பக்கத்தில் கேரளத்தில் தயாராகும் கிருஷ்ணா மைகளில் மூன்வியூ நன்றாகச் செம்படிக்கும். என் ரசனையைக் கேட்டால், பக்கம் முழுக்கச் சிவப்பாகி நீலமே தெரியாத மைகளைவிட, எழுத்தின் ஓரத்தில் மட்டும் எட்டிப்பார்க்கும் யாமாபுதோ போன்றவைதான் பிடிக்கும்.

இதற்கு ஒரு விலை உண்டு, வீடியோவில் அதைச் சொல்ல மாட்டார்கள். தாளுக்குள் போகாத சாயம் தாளைப் பிடித்துக்கொள்ளவும் இல்லை. விரல் பட்டால் ஒட்டும், இரண்டு மாதம் கழித்தும் ஒட்டும். துணிக்கு நாங்கள் ரப்பிங் டெஸ்ட் செய்வோம்: வெள்ளைப் பருத்தித் துண்டைப் பொருத்தி, 9 நியூட்டன் அழுத்தத்தில் பத்து முறை முன்னும் பின்னும் தேய்த்து, கறையை கிரே ஸ்கேலில் 1 முதல் 5 வரை மதிப்பிடுவோம். 5 என்றால் கறையே இல்லை. ஓய்வு பெறுவதற்கு முன் ஒரு மதியம், யாரும் பார்க்காத நேரத்தில், மூன்று வாரம் காய்ந்த ஷீன் பக்கம் ஒன்றை அந்த மிஷினில் வைத்தேன். உலர்வாக 2, ஈரத்துண்டில் 1. துணியாக இருந்திருந்தால் பார்ட்டி என்னை உள்ளேயே விட்டிருக்க மாட்டார். கடலோர ஊர்களில் காற்றின் ஈரமே போதும். மூடிய நோட்டில் எதிர்ப்பக்கம் முழுக்க எழுத்து கண்ணாடி பிம்பமாக ஒட்டியிருக்கும். ஆகவே பரீட்சைத் தாள், செக், கையெழுத்துப் போடும் பத்திரம், கூரியர் முகவரி எதற்கும் இது வேண்டாம். வெயிலிலும் இந்த வகைச் சாயங்கள் பலவும் தாங்காது. ஃப்ரேம் போட்டுச் சுவரில் மாட்ட நினைத்தால் ஜன்னலுக்கு எதிரே மாட்டாதீர்கள். சிலர் மையைக் கெட்டியாக்க மூடியைத் திறந்து வைத்துப் பாதியாகச் சுண்டவிடுகிறார்கள். ஷீன் கூடும் என்பது உண்மை, நான் செய்து பார்த்தேன். நிப் நுனியில் பாசி போல உப்புப் பூத்துப் பேனா மூன்றாம் நாள் நின்றுபோனதும் உண்மை.

அப்பாவின் பேனாவுக்கு வருகிறேன். சாய மை உலோகத்தையோ, பழைய பேனாக்களில் வரும் கெட்டி ரப்பரான எபனைட்டையோ அரித்துவிடும் என்று பயப்படத் தேவையில்லை. பிரச்சினை கறையும் அடைப்பும்தான். செறிவான மை ஃபீடின் மெல்லிய தடங்களில் காய்ந்தால் கழுவக் கழுவ நீலம் வந்துகொண்டே இருக்கும், நிறமில்லாத பேரல் அல்லது மை தெரியும் ஜன்னல் இருந்தால் நிரந்தரமாக ஊதா ஏறிவிடக்கூடும். உள்ளே ரப்பர் பை வைத்த மாடல் என்றால் செறிவான மைகள் பையைக் கெடுக்கும் என்று ஒரு பேச்சு உண்டு. அதை நிரூபித்து நான் பார்த்ததில்லை, ஆனால் பழைய ரப்பரின் ஆயுள் ஏற்கெனவே முடியும் நிலையில்தான் இருக்கும், சோதித்துப் பார்க்க அப்பாவின் பேனாதானா கிடைத்தது? அதில் சாதாரண வாஷபிள் நீலம் ஊற்றி எழுதுங்கள். இந்த மைக்குத் தனியாக, கழற்றிக் கழுவ முடிகிற, கன்வெர்ட்டர் (மை உறிஞ்சும் சிறு குழாய்) போடும் பேனா ஒன்று பிராட் நிப்போடு வாங்குங்கள், முந்நூறு நானூறு ரூபாய்ப் பேனாவே போதும். ஒரு வாரத்துக்கு மேல் எழுதாமல் மூடி வைக்காதீர்கள். கழுவ வெறும் தண்ணீர், பிடிவாதம் பிடித்தால் பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு, பிறகு மறுபடி தண்ணீர். ஸ்பிரிட், நெயில் பாலிஷ் ரிமூவர் பக்கமே போக வேண்டாம், சில பிளாஸ்டிக்குகள் அதில் விரிசல் விட்டுவிடும். கண்ணாடித் துண்டில் விட்ட சொட்டு காலையில் செம்படிக்காமல் மொட்டை நீலமாகவே இருந்தால் மட்டும் விற்றவரிடம் சண்டைக்குப் போங்கள்.